எக்ஸெல்லில் ஒரு தக்காளிச் சந்தை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லைத் திறந்ததும் முதலில் செய்வது வீட்டு வரவு செலவுக் கணக்கு. பால் பாக்கி, கரன்ட் பில், பள்ளிக் கட்டணம் என்று வரிசையாக டைப் செய்து, கடைசியில் ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் கூட்டுத்தொகை வந்துவிடும். நல்ல தொடக்கம்தான். ஆனால் அதே கட்டங்களுக்குள் ஒரு காய்கறிச் சந்தையையே ஓடவிட்டு வேடிக்கை பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குப் புரோகிராமிங் தெரிய வேண்டாம். நான்கு பார்முலா போதும்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. கல்லூரியில் நான்கு ஆண்டு இன்ஜினியரிங் படித்தேன். பாலம் ஏன் நிற்கிறது, மோட்டார் ஏன் சுற்றுகிறது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களைத் தூங்கவிடாத கேள்விக்கு அந்தப் புத்தகங்களில் பதில் இல்லை. "இந்தப் போகம் தக்காளி நட்டால் விலை இருக்குமா?" என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸ். தமிழில் சிக்கல் அமைப்புகளின் அறிவியல் எனலாம். இந்தக் கட்டுரையில் அதை எக்ஸெல் வழியாகக் கற்றுக் கொள்வோம்.

அணையும் சந்தையும்

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்து கொள்ளுங்கள்.

முல்லைப் பெரியாறு அணையை எல்லாரும் அறிவோம். பென்னிகுயிக் தலைமையில் 1887ல் வேலை தொடங்கி, 1895ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டு வந்த வேலை. மிகக் கடினமான வேலைதான். ஆனால் அணையின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கணக்கிடலாம். நீரின் அழுத்தம் இவ்வளவு, சுவரின் எடை இவ்வளவு என்று கூட்டிக் கழித்தால் முழு அணையின் நடத்தை தெரிந்துவிடும். "நாளை பக்கத்து அணை என்ன செய்யும்?" என்று எந்தக் கல்லும் யோசிப்பதில்லை.

அந்த நீர் பாயும் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான விவசாயிகள். ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன நடுகிறார் என்று எட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எல்லாருடைய முடிவும் சேர்ந்துதான் விலை. அந்த விலையைப் பார்த்துத்தான் எல்லாரும் அடுத்த முடிவை எடுக்கிறார்கள். விளைவு திரும்ப வந்து காரணத்தையே மாற்றுகிறது. இதை பீட்பேக் என்பார்கள். ஒரு விவசாயியை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் சந்தை புரியாது. இப்படிப்பட்டதுதான் சிக்கல் அமைப்பு.

அணை கடினமானது, சந்தை சிக்கலானது. இரண்டும் ஒன்றல்ல.

இந்தப் படிப்புக்கென்றே அமெரிக்காவில் சான்டா பே இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனம் 1984ல் தொடங்கப்பட்டது. நம் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் இத்துறையில் ஆராய்ச்சி நடக்கிறது. அவர்கள் பெரிய கம்ப்யூட்டர்களில் செய்வதன் குட்டி வடிவத்தை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்வோம்.

சந்தையைக் கட்டுவோம்

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாப்ட்வேரில் உள்ள கால்க் புரோகிராம், அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். பார்முலாக்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஒரு குறிப்பு. இங்கே ஏ, பி, சி என்று தமிழில் அச்சிட்டிருப்பவற்றை கீபோர்டில் அந்தந்த ஆங்கில எழுத்தாக டைப் செய்யுங்கள். இ என்பது ஐந்தாவது பத்தி. மேக்ஸ் என்று வரும் இடத்தில் எம், ஏ, எக்ஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றி அடியுங்கள்.

நம் சந்தைக்கு இரண்டே விதிகள். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்துக் கொண்டவை.

விதி ஒன்று: வரத்து கூடினால் விலை இறங்கும். ஒரு லோடு கூடினால் கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்குகிறது என்று வைப்போம். ஆகவே விலை = 50 கழித்தல் வரத்து.

விதி இரண்டு: இந்தப் போகத்து விலையைப் பார்த்து அடுத்த போகத்துக்கு நடுகிறார்கள். எந்த விலையானாலும் 5 லோடு வரும். அதற்கு மேல், விலை ஒரு ரூபாய் ஏறினால் இத்தனை லோடு கூடுதலாக நடுவார்கள் என்று ஓர் எண் வேண்டும். அதற்கு 'ஆசை எண்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இப்போது புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்து கீழ்க்கண்டபடி செய்யுங்கள்.

1. ஏ1 கட்டத்தில் போகம், பி1ல் விலை, சி1ல் அடுத்த வரத்து என்று தலைப்பு கொடுங்கள். டி1ல் ஆசை எண் என்று எழுதி, இ1ல் 0.8 என டைப் செய்யுங்கள்.

2. ஏ2ல் 1, பி2ல் 30 என டைப் செய்யுங்கள். முதல் போகத்தில் தக்காளி கிலோ 30 ரூபாய் விற்றது என்று பொருள்.

3. சி2ல் =5+$இ$1*பி2 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 29 என்று விடை வரும்.

4. ஏ3ல் =ஏ2+1 என டைப் செய்யுங்கள்.

5. பி3ல் =மேக்ஸ்(0,50-சி2) என டைப் செய்யுங்கள். 21 வரும். விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுப்பதற்காகத்தான் மேக்ஸ்.

6. சி2 கட்டத்தைக் காப்பி செய்து சி3ல் பேஸ்ட் செய்யுங்கள்.

7. ஏ3 முதல் சி3 வரை மவுஸால் செலக்ட் செய்யுங்கள். வலது கீழ் மூலையில் சிறு சதுரம் தெரியும். அதைப் பிடித்து 31வது வரிசை வரை கீழே இழுங்கள். முப்பது போகம் தயார்.

டாலர் குறி எதற்கு என்று கேட்பீர்கள். பார்முலாவைக் கீழே இழுக்கும்போது பி2 என்பது பி3, பி4 என்று தானாக மாறும். ஆனால் ஆசை எண் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது மாறக் கூடாது. எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் டாலர் குறி போட்டால் எக்ஸெல் அந்தக் கட்டத்தைப் பூட்டிவிடும்.

இனி பி1 முதல் பி31 வரை செலக்ட் செய்து, இன்சர்ட் பகுதியில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். விலையின் கோடு தெரியும்.

ஆசை எண்ணை மாற்றிப் பாருங்கள்

இ1ல் 0.8 இருக்கும்போது விலை 30, 21, 28.2, 22.44 என்று ஏறி இறங்கி, மெல்ல 25 ரூபாயில் போய் உட்கார்ந்து விடும். நல்ல சந்தை.

இப்போது 0.8ஐ அழித்துவிட்டு 1 என டைப் செய்யுங்கள். கோடு முழுவதும் மாறிவிடும். விலை 30, 15, 30, 15 என்று முப்பது போகமும் ஓயாமல் ஆடிக் கொண்டிருக்கும்.

அடுத்து 1.2 கொடுங்கள். 30, 9, 34.2, 3.96, 40.25, 0 என்று ஆட்டம் பெரிதாகும். பிறகு ஒரு போகம் 45 ரூபாய், மறு போகம் பூஜ்யம், மீண்டும் 45 என்று நிலைத்துவிடும். பூஜ்யம் என்றால் என்ன? பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படாமல் செடியிலேயே விடுவது; அல்லது ரோட்டோரம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவது. இந்தக் காட்சியைத் தேனி மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு.

ஏன் இப்படி? முதல் சோதனையில் சமநிலை விலை 25. நாம் 30ல் தொடங்கினோம், விலகல் 5. அடுத்த போகம் விலகல் 4, அதற்கடுத்து 3.2. ஒவ்வொரு சுற்றிலும் 0.8 மடங்காகச் சுருங்குகிறது. ஆசை எண் 1.2 என்றால் விலகல் ஒவ்வொரு சுற்றிலும் 1.2 மடங்காகப் பெருகுகிறது. யாரும் சதி செய்யவில்லை. தரகர் ஏமாற்றவில்லை. மழை பொய்க்கவில்லை. பூச்சி விழவில்லை. எல்லாரும் தத்தம் அளவில் நியாயமாக யோசித்தே இந்தச் சீரழிவு வருகிறது.

இதற்குப் பொருளாதாரத்தில் சிலந்தி வலைக் கோட்பாடு என்று பெயர். நிக்கோலஸ் கால்டார் 1934ல் இந்தப் பெயரைக் கொடுத்தார். விலையையும் வரத்தையும் வரைபடத்தில் கோடு கோடாக இணைத்தால் சிலந்தி வலை போலவே தெரியும்.

நிஜத்தில் என்ன நடக்கிறது?

2023 ஜூலையில் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. இரண்டு மாதம் போனது. செப்டம்பரில் வரத்து குவிந்து விலை தலைகீழாக விழுந்தது. நாற்று நட்டு இரண்டு மாதம் சுமாருக்குத் தக்காளி பறிப்புக்கு வந்துவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஜூலை விலையைப் பார்த்து நட்டவர்களின் காய், செப்டம்பரில் ஒன்றாகச் சந்தைக்கு வரும்.

தக்காளிக்கு இரண்டு மாதம். ஏலக்காய்க்கு? நட்ட செடி சரியாகக் காய்க்க மூன்றாவது ஆண்டு ஆகும். கம்பம், போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்களுக்கும், இடுக்கி மலையில் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஏல விலைதான் உயிர். போடிநாயக்கனூரிலும் வண்டன்மேடு அருகே புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விலை கேட்பார்கள்.

2018 ஆகஸ்டில் கேரளாவைப் பெருவெள்ளம் தாக்கியது. ஏலத் தோட்டங்கள் சேதமடைந்து வரத்து குறைந்தது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களும், நகையை அடகு வைத்துச் செடி போட்டவர்களும் உண்டு. 2021 இறுதியில் சராசரி விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கிவிட்டது. விலை இறங்கியதற்குக் காரணங்கள் பல. ஆனால் காத்திருக்கும் காலம் நீள நீள, இன்றைய விலைக்கும் நாளைய விலைக்கும் உள்ள உறவு அறுந்து போகிறது என்பது மட்டும் உறுதி.

ஒரே ஓர் அதிர்ச்சி எவ்வளவு காலம் எதிரொலிக்கும் என்று எக்ஸெல்லில் பார்க்கலாம். இ1ல் மீண்டும் 0.8 கொடுங்கள். பத்தாவது வரிசைக்குப் போய், பி10ல் உள்ள பார்முலாவின் மேலேயே 45 என டைப் செய்யுங்கள். ஒரு போகம் மட்டும் மழை அடித்து விலை எகிறியது என்று பொருள். அடுத்து 9, பிறகு 37.8, பிறகு 14.76. நல்ல சந்தையிலேயே அந்த ஆட்டம் அடங்கப் பத்து போகத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளம் வடிந்த பிறகும் சந்தைக்குள் அது வடிவதில்லை. பார்த்து முடித்ததும், கன்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் பழைய பார்முலா திரும்ப வந்துவிடும்.

நிதானத்துக்கு என்ன பலன்?

இந்த ஷீட்டைப் போன பொங்கல் லீவில் என் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் இரண்டு ஏக்கரில் தக்காளியும் கத்தரியும் மாற்றி மாற்றிப் போடுபவர். மகள் படிப்புக்கென்று வாங்கிய லேப்டாப் வீட்டில் இருந்தது. கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"ஏப்பா, எல்லாரும் போன விலையை மட்டும் பார்த்துத்தானே நடுறதா எழுதியிருக்க? நான் அதுக்கு முந்தின விலையையும் பார்ப்பேனே. அதைப் போட்டா இந்தப் பெட்டி என்ன சொல்லும்?" என்றார்.

அருமையான கேள்வி. நீங்களும் செய்து பாருங்கள். இ1ல் 1.2 கொடுங்கள். சி2ஐத் தொடாதீர்கள். சி3ல் மட்டும் =5+$இ$1*(பி2+பி3)/2 என டைப் செய்து, சி31 வரை கீழே இழுங்கள். கடைசி இரண்டு போகத்தின் சராசரியைப் பார்த்து நடுகிறார்கள் என்று பொருள்.

முன்பு 45க்கும் பூஜ்யத்துக்கும் தாவிய அதே சந்தை, இப்போது 30, 9, 21.6, 26.64, 16.06, 19.38 என்று போய், சற்று நேரத்தில் 20 ரூபாய் 45 காசில் அடங்கிவிடும். ஆசை எண் அதே 1.2தான். வாங்குபவர்களும் அதே ஆட்கள்தான். ஒரு போகம் கூடுதலாக நினைவில் வைத்துக் கொண்டதற்கே இந்த மாற்றம்.

"அப்ப நான் ஒருத்தன் அப்படி யோசிச்சா பத்துமா?" என்று கேட்டார் சித்தப்பா.

"பத்தாது சித்தப்பா. நிறையப் பேர் யோசிக்கணும்."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தார்.

அவர் சிரித்த இடம்தான் இந்தப் படிப்பின் மையம். தனி ஆளின் புத்தி தன் நஷ்டத்தைக் குறைக்கும். சந்தையின் ஆட்டத்தை நிறுத்தாது. இந்த மருந்துக்கும் எல்லை உண்டு. ஆசை எண்ணை 2க்கு மேல் ஏற்றிப் பாருங்கள். இரண்டு போகச் சராசரியும் தோற்றுப் போகும்.

எல்லாரும் புத்திசாலியானால்?

"எல்லாரும் தக்காளி நடும்போது நான் நடாமல் இருந்தால் லாபம்தானே?" என்று சிலர் கேட்பார்கள். சரிதான். ஆனால் எல்லாரும் அதையே நினைத்தால்? யாரும் நட மாட்டார்கள். விலை வானத்துக்கு ஏறும். நடாதவர்கள் எல்லாரும் ஏமாந்தவர்கள் ஆவார்கள்.

பிரையன் ஆர்தர் என்ற பொருளாதார அறிஞர் 1994ல் இதை ஒரு புதிராக எழுதினார். சான்டா பே நகரில் எல் பரோல் என்று ஒரு மதுக்கூடம். வியாழன்தோறும் அங்கே இசை நடக்கும். நூறு பேரில் 60 பேருக்குக் குறைவாக வந்தால் இனிமையாக இருக்கும். அதற்கு மேல் வந்தால் நெரிசல். போவதா வேண்டாமா? கூட்டம் வராது என்று எல்லாரும் கணித்தால் எல்லாரும் போய்க் கூட்டம் வந்துவிடும். கூட்டம் வரும் என்று எல்லாரும் கணித்தால் யாருமே போக மாட்டார்கள். எல்லாரும் பயன்படுத்தும் சரியான கணிப்பு என்று ஒன்று இருக்கவே முடியாது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விளைபொருள்களுக்கு விலைக் கணிப்பு வெளியிடுகிறது. பயனுள்ள வேலை. ஆனால் அதைப் படித்துவிட்டு எல்லாரும் ஒரே பயிருக்குப் பாய்ந்தால் அந்தக் கணிப்பே பொய்யாகிவிடும். நாளை மழை என்று சொன்னால் மேகம் அதைக் கேட்டு மனம் மாறுவதில்லை. விலை கூடும் என்று சொன்னால் விவசாயி மனம் மாறுகிறார்.

பூச்சிக் கணக்கும் பட்டாம்பூச்சியும்

இன்னொரு சோதனை. வயலில் பூச்சி பெருகுகிறது. பூச்சி அதிகமானால் இரை தீர்ந்து குறைகிறது. இதற்கு ஒரே ஒரு பார்முலா. 1976ல் ராபர்ட் மே என்ற விஞ்ஞானி 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ் பெற்றது.

புதிய ஷீட்டைத் திறந்து, டி1ல் 2.8 என டைப் செய்யுங்கள். இது பூச்சி பெருகும் வேகம். ஏ2ல் 0.2 கொடுங்கள். வயல் தாங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு பூச்சி இருக்கிறது என்று பொருள். ஏ3ல் =$டி$1*ஏ2*(1-ஏ2) என டைப் செய்து எண்பதாவது வரிசை வரை இழுங்கள். பக்கத்தில் பி2ல் 0.2001 கொடுத்து, பி3ல் =$டி$1*பி2*(1-பி2) என டைப் செய்து அதையும் இழுங்கள். இரண்டு பத்திகளையும் செலக்ட் செய்து சார்ட் போடுங்கள்.

2.8 என்றால் பூச்சி எண்ணிக்கை 0.643ல் நிலைக்கும். 3.2 கொடுத்தால் இரண்டு எண்களுக்கிடையே மாறி மாறி வரும். 3.5 கொடுத்தால் நான்கு எண்கள். 4 கொடுங்கள், எந்த ஒழுங்கும் தெரியாமல் தாறுமாறாகக் குதிக்கும். இதைத்தான் கேயாஸ் என்கிறார்கள். இப்போது இரண்டு பத்திகளையும் ஒப்பிடுங்கள். முதல் சில வரிசைகளில் ஒட்டியே போகும். பன்னிரண்டு பதிமூன்று வரிசைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பிரிந்துவிடும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் செய்த வேலை.

1961ல் எட்வர்டு லாரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி கம்ப்யூட்டரில் கண்டதும் இதுதான். 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று டைப் செய்து மறுபடி ஓடவிட்டார். வேறு ஒரு வானிலையே வந்து நின்றது. பட்டாம்பூச்சியின் சிறகடிப்பு புயலைக் கிளப்புமா என்று 1972ல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு உலகப் புகழ் பெற்றது.

கம்ப்யூட்டரை முழுதாக நம்புபவர்களுக்காக ஒரு கூடுதல் சோதனை. டி1ல் 4 இருக்கட்டும். பி2ல் 0.2 என்றே மாற்றுங்கள். பி3ல் =4*பி2-4*பி2*பி2 என டைப் செய்து இழுங்கள். கணக்கின்படி இதுவும் முதல் பார்முலாவும் ஒன்றேதான். ஆனால் ஐம்பது அறுபது வரிசைகளைத் தாண்டும்போது விடைகள் வேறுபடும். காரணம், எக்ஸெல் ஓர் எண்ணை ஏறத்தாழ 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். கடைசி இலக்கத்தில் ஏற்படும் துளி வித்தியாசம் ஒவ்வொரு வரிசையிலும் ஏறத்தாழ இரட்டிப்பாகிக் கொண்டே போகிறது. இனி யாராவது "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்றால் இந்த ஷீட்டைக் காட்டுங்கள்.

மருந்தா, எதிரிப் பூச்சியா?

சிக்கல் அமைப்பை அடக்கவே முடியாது என்று எண்ண வேண்டாம். எங்கே தொட வேண்டும் என்று தெரிந்தால் சிறு கை வைப்பே போதும். 2008ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுவதும் பரவியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள். அடங்கவில்லை. மருந்து நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும். மாவுப்பூச்சிக்கோ உடம்பெல்லாம் மெழுகுப் பூச்சு. 2010ல் அசிரோபேகஸ் என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். ஓராண்டு சுமாரில் மாவுப்பூச்சி அடங்கிப் போனது. வெளியிலிருந்து அடிப்பதைவிட உள்ளே அறுந்திருந்த ஒரு பீட்பேக்கை மறுபடி கட்டியது பலன் தந்தது.

தேனி என்ற பெயரோடு ஒட்டிய தேனீக்களிடமும் ஒரு பாடம் உண்டு. கூடு பிரிந்து புது இடம் தேடும்போது சில நூறு தேனீக்கள் உளவு பார்க்கக் கிளம்பும். நல்ல இடத்தைக் கண்டது திரும்பி வந்து ஆடிக் காட்டும். அந்த ஆட்டத்தைப் பார்த்த மற்ற தேனீ அப்படியே நம்பி ஆடத் தொடங்குவதில்லை. தானே பறந்து போய் இடத்தைப் பார்த்து வந்த பிறகுதான் ஆடும். தாமஸ் சீலி என்ற உயிரியல் அறிஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியது இது. ராணித் தேனீ எந்த உத்தரவும் போடுவதில்லை. ஆனாலும் கூட்டம் பெரும்பாலும் நல்ல இடத்தையே தேர்ந்தெடுக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் நட்டதைப் பார்த்து நாமும் நடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடுத்து என்ன?

இந்த ஷீட் அடுத்த போகத்தின் விலையைச் சொல்லாது. அப்படிச் சொல்கிறது என்று யாராவது சாப்ட்வேர் விற்றால் வாங்காதீர்கள். எந்தப் பழக்கம் ஆட்டத்தைக் கூட்டும், எது குறைக்கும் என்று மட்டும் சொல்லும். விவசாயம் செய்யும் குடும்பமாக இருந்தால் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

மத்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளத்தில் பல ஊர்ச் சந்தைகளின் தினசரி விலையும் வரத்தும் கிடைக்கும். உங்களுக்குப் பக்கத்துச் சந்தையின் பல வருட விலையை எடுத்து எக்ஸெல்லில் பேஸ்ட் செய்து கோடு போடுங்கள். நேற்றைய விலையைத் தனியாகப் பார்க்காமல் அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பாருங்கள். உச்சியில் இருக்கும்போது கடன் வாங்கி நடுவது எவ்வளவு ஆபத்து என்று கண்ணுக்கே தெரியும்.

நிலம் முழுவதையும் ஒரே நாளில் ஒரே பயிராக நடாமல், பிரித்து, இரண்டு மூன்று வார இடைவெளியில் நட்டால் என்ன ஆகும் என்று தனி ஷீட்டில் கணக்குப் போடுங்கள். அதிக லாபம் குறையலாம். பெரிய நஷ்டமும் குறையும்.

விவசாயம் இல்லாதவர்களுக்கும் இதே ஷீட் பயன்படும். எந்தப் பாடப்பிரிவில் வேலை அதிகம் என்று பார்த்து எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளை அதில் சேர்க்கிறார்கள். படித்து வெளியே வர நான்கு ஆண்டு ஆகிறது. தக்காளியைப் போலத்தான். விலை என்ற இடத்தில் சம்பளம், வரத்து என்ற இடத்தில் பட்டதாரிகள் என்று தலைப்பை மாற்றிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள்.

இரண்டு ஷீட்டையும் ஒரே பைலில் சேவ் செய்து வையுங்கள். ஆசை எண்ணை 0.5 முதல் 2.5 வரை சிறிது சிறிதாக மாற்றி, எந்த இடத்தில் ஆட்டம் தொடங்குகிறது என்று நோட்டில் குறியுங்கள். பிறகு மூன்று போகச் சராசரிக்கு பார்முலாவை நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு சின்ன உதவி: சி2, சி3 இரண்டையும் தொடாமல் சி4லிருந்து தொடங்க வேண்டும்.